வெளியூராரை அழைத்த திவான்: முதலாம் சாலார் ஜங் (1829–1883)

ஊரிலிருந்து உறவினர் யாராவது வந்து இறங்கினால், இரட்டை நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு நாள் சார்மினார், ஒரு நாள் கோல்கொண்டா, மூன்றாம் நாள் சாலார் ஜங் அருங்காட்சியகம். அங்கே கடிகாரத்துக்குள்ளிருந்து தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணியடிப்பதைப் பார்க்கக் குழந்தைகள் நெருக்கியடிப்பார்கள். பெரியவர்கள் முக்காடிட்ட ரெபேக்கா சிலையின் முன்னால் நின்று, "கல்லிலே மெல்லிய துணியை எப்படித்தான் செதுக்கினானோ!" என்று வியப்பார்கள். பிறகு வெளியே வந்து, "யாருங்க இந்த சாலார் ஜங்? நவாபா?" என்று கேட்பார்கள். நம்மில் பலர் "நிஜாமோட மந்திரி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போய்விடுவோம்.

அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சாலார் ஜங் என்பது பட்டப் பெயர். அந்தப் பட்டத்தோடு ஹைதராபாத்தின் திவான்களாக இருந்தவர்கள் மூன்று பேர்: தாத்தா, மகன், பேரன். அருங்காட்சியகப் பொருள்களில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் பேரனான மீர் யூசுப் அலி கான் (1889–1949). 1951 டிசம்பர் 16 அன்று ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தது அவருடைய சேகரிப்பைத்தான். ஆனால் ரெபேக்கா சிலையை 1876-ல் ரோம் நகரில் வாங்கியவர் தாத்தா. முதலாம் சாலார் ஜங் என்று சரித்திரம் அழைக்கும் மீர் துராப் அலி கான் அவர்தான்.

கலைப்பொருள் வாங்கியது அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறு துளி. முப்பது வருஷம் ஒரு பெரிய ராஜ்ஜியத்தை நிர்வகித்தார். தள்ளாடிக் கொண்டிருந்த அரசை நிமிர்த்தினார். அந்த வேலைக்காக வெளியூர்களிலிருந்து படித்தவர்களை வரவழைத்தார். அப்படி அவர் திறந்து விட்ட கதவு வழியாகத்தான் பிற்காலத்தில் பல மொழிக்காரர்கள் இந்த ஊருக்கு உத்தியோகம் தேடி வந்தார்கள். அதே கதவில் பிறந்ததுதான் "உள்ளூரானா, வெளியூரானா" என்ற வழக்கும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அவருடைய கதை அதனால் நெருக்கமானது.

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு திவான்கள்

1828 நவம்பரில் நம் கும்பகோணத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சர் டி. மாதவ ராவ் என்று பிற்காலத்தில் புகழ்பெற்றவர். தஞ்சை மராட்டியர் மரபு. சென்னையில் படித்து, 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தார். பிறகு இந்தூர், அதன்பின் பரோடா என்று போன இடமெல்லாம் நிர்வாகத்தைச் சீர்செய்தார். அவர் பிறந்து இரண்டே மாதத்தில், 1829 ஜனவரி 21 அன்று, துராப் அலி கான் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமஸ்தான நிர்வாகிகளில் சிறந்தவர்கள் யார் என்று கேட்டால், இந்த இருவர் பெயரையும் விட்டுவிட்டு யாரும் பட்டியல் போட முடியாது.

ஆனால் இருவருடைய சூழலும் வேறு. மாதவ ராவ் படிப்பினால் உயர்ந்தவர். சம்பளத்துக்குப் போன உத்தியோகஸ்தர். துராப் அலி கான் திவான் குடும்பத்திலேயே பிறந்தவர். நகருக்குத் தெற்கே உள்ள மீர் ஆலம் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நிஜாம் படையை நடத்திப் போய், பிறகு திவானான மீர் ஆலம் இவருடைய முன்னோர். தாத்தா முனீர்-உல்-முல்க் திவான். பெரிய தகப்பன் முறையான சிராஜ்-உல்-முல்க்கும் திவான். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த துராப் அலி இவர்களிடம்தான் வளர்ந்தார். பாரசீகத்தோடு ஆங்கிலமும் கற்றார். இருபது வயதை எட்டும் முன்பே கம்மம் பகுதியில் சில மாதங்கள் தாலுக்தாராக இருந்து, கிராமக் கணக்கு எப்படிப் போகிறது என்று நேரில் பார்த்துவிட்டார். பரம்பரையாகப் பதவி வந்தது உண்மை. ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்பதும் உண்மை.

கடனில் மூழ்கிய அரசு

1853 மே மாதம் ஹைதராபாத்துக்கு மிக மோசமான மாதம். ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் இருந்த "கன்டிஞ்சென்ட்" என்ற படைக்கு நிஜாம் அரசு சம்பளம் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. மே 21-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாக்கிக்கும் வருங்காலச் செலவுக்கும் ஈடாக பேரார், ராய்ச்சூர் தோஆப், நல்துர்க் ஆகிய வளமான பகுதிகள் ஆங்கிலேயர் நிர்வாகத்துக்குப் போயின. அடமானம் வைத்த நிலத்தில் கடன்காரனே இறங்கிப் பயிர் செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒப்பந்தம் ஆன சில நாள்களிலேயே சிராஜ்-உல்-முல்க் காலமானார். மாத முடிவில், இருபத்து நாலு வயது துராப் அலி கான் திவானாக நியமிக்கப்பட்டார்.

அவர் கைக்கு வந்த அரசின் நிலை என்ன? வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஒரு பகுதியின் வரியை இவ்வளவு தொகைக்கு என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். அரசுக்கு ஒப்புக்கொண்டதைக் கட்டிவிட்டு, மேற்கொண்டு எவ்வளவு பிடுங்க முடியுமோ பிடுங்குவார். அடுத்த வருஷம் வேறொருவர் கூடுதலாகக் கேட்டால் குத்தகை கை மாறிவிடும். ஆகவே ஏரி வெட்டவோ குடியானவனைக் காப்பாற்றவோ யாருக்கும் அக்கறை கிடையாது. இன்னொரு பக்கம் அரபு, ரோகில்லா கூலிப்படைத் தலைவர்கள். ஜமாதார்கள் என்று பெயர். அரசுக்கே வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாகத் தாலுக்காக்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். கடன் வாங்கிய தனியாட்களைத் தங்கள் காவலிலேயே அடைத்து வைப்பதும் உண்டு.

இளம் திவான் செய்த முதல் காரியம், அடமானத்தில் இருந்த தாலுக்காக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டது. சண்டை போட்டல்ல; கணக்குத் தீர்த்து. வரிக் குத்தகையை நிறுத்திவிட்டு, சம்பளம் வாங்கும் தாலுக்தார்களை நியமித்தார். ஊருக்கு ஊர் நாணயச்சாலை வைத்து அவரவர் காசு அடித்துக் கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி, "ஹாலி சிக்கா" என்ற ஒரே நாணயத்துக்கு வழி செய்தார். 1865-ல் ராஜ்ஜியம் முழுவதையும் ஜில்லாக்களாகவும் தாலுக்காக்களாகவும் பிரித்தார். இதற்கு "ஜிலாபந்தி" என்று பெயர். 1868-ல் நீதி, வருவாய், போலீஸ், இதர இலாகாக்கள் என்று நான்கு உதவி மந்திரிகளை நியமித்தார். இன்று நாம் தாலுக்கா ஆபீஸ், ஜில்லா கலெக்டர் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த அமைப்பு தெலங்கானா மண்ணில் வேரூன்றியது இப்படித்தான்.

1857: மாறாத கேள்வி

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1857 மே மாதம் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோது, ஹைதராபாத்தில் பழைய நிஜாம் நாசிர்-உத்-தௌலா இறந்து, அஃப்சல்-உத்-தௌலா பட்டத்துக்கு வந்தார். நகரம் கொந்தளித்துக் கொண்டிருந்தது. கன்டிஞ்சென்ட் படையை விட்டு ஓடிவந்த ஜமாதார் சீதா கானையும் அவர் தோழர்களையும் திவான் பிடித்து ரெசிடென்ட்டிடம் ஒப்படைத்தார். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 17 மாலை துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் கூட்டத்தோடு ரெசிடென்ஸியைத் தாக்கினார்கள். திவானிடமிருந்து முன்னமே எச்சரிக்கை போயிருந்தது. உள்ளே பீரங்கிகள் தயாராக இருந்தன. தாக்குதல் தோற்றது. அலாவுதீன் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். பிடிபட்டுத் தப்பிய துர்ரேபாஸ் கான் 1859 ஜனவரியில் கொல்லப்பட்டார். கோட்டி பேருந்து நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் அவருக்கான நினைவுச் சின்னத்தைப் பார்க்கலாம்.

ஆங்கிலேயருக்குத் துணை போனவர் என்று ஒரு சாரார் இன்றும் சாலார் ஜங்கைக் குறை சொல்வார்கள். அன்றைக்கே அந்தக் கோபம் இருந்தது. 1859 மார்ச் 15 அன்று, தர்பாரிலிருந்து ரெசிடென்ட் டேவிட்சனோடு வெளியே வந்தபோது ஜஹாங்கீர் கான் என்பவர் துப்பாக்கியால் சுட்டார். இருவரும் தப்பினார்கள். 1868-லும் திவானைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். துர்ரேபாஸ் கானின் வீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. அதே சமயம், நாலு வருஷமாகத்தான் திவானாக இருந்த அந்த இளைஞரின் கணக்கு வேறு. டில்லிக்கும் லக்னோவுக்கும் நேர்ந்தது என்ன என்று பாருங்கள். அந்த அழிவு ஹைதராபாத்துக்கு வரவில்லை. 1860-ல் ராய்ச்சூர் தோஆபும் நல்துர்க்கும் திரும்பி வந்தன. ஷோராப்பூர் புதிதாகச் சேர்ந்தது. 50 லட்ச ரூபாய்க் கடன் தள்ளுபடி ஆயிற்று. ராஜ்ஜியம் பிழைத்தது. ஆனால் அதற்கு விலையாக, திவானின் நாற்காலியையே ரெசிடென்ட் தாங்கிப் பிடிக்கும் நிலையும் வந்தது. நிஜாமுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை இல்லை. நிஜாமின் அனுமதி இல்லாமல் நகரை விட்டு வெளியே போகவும் திவானால் முடியாது. எஜமானுக்குச் சந்தேகம், ஊராருக்குக் கோபம், அந்நியனுக்குத் திருப்தி. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் அவர் வேலை பார்த்தார்.

அமெரிக்கச் சண்டையும் பேரார் பருத்தியும்

திரும்பி வராதது பேரார் மட்டும். ஏன் வரவில்லை என்பதற்கு விடை தேட அமெரிக்கா வரை போக வேண்டும்! 1861-ல் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியானதும் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை லிங்கன் அரசு முற்றுகையிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பருத்தி போவது நின்றது. ஆலைக்காரர்கள் இந்தியப் பக்கம் திரும்பினார்கள். பேராரின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்திக்குத் திடீரென்று பொன் விலை. ரயில் பாதை அமராவதிப் பக்கம் வந்தது. 1870-ல் காம்காம் சந்தைக்குத் தனிக் கிளைப் பாதையே போட்டார்கள். அடிமை முறையை ஒழித்த ஒரு போரின் எதிரொலி, இங்கே ஒரு சமஸ்தானத்தின் அடமான நிலத்தை மீட்க முடியாதபடி செய்துவிட்டது. சரித்திரம் இப்படியெல்லாம் கணக்குப் போடும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

சாலார் ஜங் விடவில்லை. 1869-ல் அஃப்சல்-உத்-தௌலா இறந்து, மூன்று வயதுகூட நிறையாத மஹபூப் அலி கான் நிஜாமானார். அமீர்-இ-கபீரோடு சேர்ந்து சாலார் ஜங் ஆட்சிப் பொறுப்பாளரானார். அப்போது முதல் பேராருக்காகக் கடிதத்துக்கு மேல் கடிதம். கன்டிஞ்சென்ட் படையின் செலவுக்கு வேண்டிய வட்டி வரும் அளவுக்கு முதலைக் கட்டிவிடுகிறோம், நிலத்தைக் கொடுங்கள் என்றார். நியாயமான பேச்சுத்தானே? மறுத்துவிட்டார்கள்.

1876-ல் இங்கிலாந்துக்குப் போனார். வழியில்தான் ரோமில் ரெபேக்காவை வாங்கினார். பாரிஸ் ஹோட்டல் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அந்த நிலையிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. லண்டன் மாநகரம் கௌரவக் குடிமகன் ஆக்கியது. விக்டோரியா ராணியார் விருந்து வைத்தார். எல்லாம் கிடைத்தது, பேரார் கிடைக்கவில்லை. நிஜாமுக்கு வயது வந்த பிறகு பேசலாம் என்ற பதில்தான் வந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1877-ல் இன்னொரு பொறுப்பாளர் இடம் காலியானபோது, சாலார் ஜங்குக்கு ஆகாதவரான விகார்-உல்-உமராவை அதில் அமர்த்தினார்கள். 1857-ல் யாருக்காகத் தன் ஊராரின் கோபத்தைச் சம்பாதித்தாரோ, அவர்களே இருபது வருஷம் கழித்து அவரை ஒடுக்கினார்கள். பேரார் கடைசிவரை திரும்பவில்லை. 1902-ல் வருஷத்துக்கு 25 லட்சம் என்று நிரந்தரக் குத்தகையாகப் போய்விட்டது.

ரயிலும் பள்ளிக்கூடமும்

1871-ல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தன. அந்தப் பாதையில் உள்ள வாடியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒரு கிளை போட வேண்டும் என்று ஆங்கிலேயர் நெருக்கினார்கள். செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு அது தேவை. செலவு நிஜாம் அரசின் தலையில். 1874-ல் பாதை திறந்தது. கஷ்டப்பட்டுச் சேர்த்த கஜானாவுக்கு இது சுமைதான். ஆனால் நம்மவர்களைப் பொறுத்தவரை, அரக்கோணம், குண்டக்கல், ராய்ச்சூர், வாடி வழியாக ரயிலிலேயே இந்த ஊருக்கு வந்து இறங்க முடிந்தது அப்போதுதான்.

அதற்கு முன்னாலும் தமிழர்கள் இங்கே இருந்தார்கள். 1806-ல் செகந்திராபாத் உருவானபின் சென்னை ராணுவத்தின் பட்டாளங்களோடு வந்தவர்கள், பட்டாளத்துக்குச் சாமான் கொடுத்த வியாபாரிகள், கணக்கர்கள். அவர்களில் முதலியார் குடும்பங்கள் செல்வாக்கோடு விளங்கின. 1862-ல் சோமசுந்தரம் முதலியார் செகந்திராபாத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னால் மஹபூப் கல்லூரி ஆயிற்று. 1893 பிப்ரவரியில், சிகாகோவுக்குப் போவதற்கு முன், சுவாமி விவேகானந்தர் உரையாற்றியது அங்கேதான்.

சாலார் ஜங்கும் பள்ளிக்கூடங்களில் அக்கறை காட்டினார். அவர் திவானான சில வருஷங்களிலேயே தார்-உல்-உலூம் தொடங்கியது. 1870-களில் சாதர்காட்டில் ஆங்கிலப் பள்ளியும், பிரபுக்களின் பிள்ளைகளுக்காக மதரஸா-இ-ஆலியாவும் வந்தன. இவற்றிலிருந்து 1887-ல் உருவான நிஜாம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதாவது ஹைதராபாத் பையன் பி.ஏ. பரீட்சை எழுதினால், பட்டம் கொடுப்பது சென்னை! அறுபது வருஷம் இந்த உறவு நீடித்தது.

வெளியூரார் ஏன் வந்தார்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். புதிய இலாகாக்கள் போட்டாயிற்று. அவற்றை நடத்த ஆள் வேண்டுமே? பழைய நிர்வாகம் பாரசீகத்தில் நடந்தது. தஃப்தர்தார்கள் என்ற பரம்பரைக் கணக்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கைத் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். புதுச் சட்டம், நில அளவை, புதுவகைப் பதிவேடு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்கள் இங்கே குறைவு. அது மட்டுமல்ல, உள்ளூர் ஆளை நியமித்தால் அவர் ஏதாவது ஒரு பிரபுவின் ஆளாக இருப்பார். வெளியூரானுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது. திவானைத் தவிர அவனுக்கு வேறு பிடிப்பு இல்லை. ஆகவே அவன் வேலையை மட்டும் பார்ப்பான் என்பது சாலார் ஜங்கின் கணக்கு.

வடக்கிலிருந்து சையது ஹுசைன் பில்கிராமி 1873-ல் வந்தார். பின்னால் மொஹ்சின்-உல்-முல்க் எனப்பட்ட சையது மஹ்தி அலி 1874-ல் வந்தார். விகார்-உல்-முல்க் எனப்பட்ட முஷ்தாக் ஹுசைன் 1875-ல் வந்தார். வங்காளத்திலிருந்து விஞ்ஞானி அகோரநாத் சட்டோபாத்யாயர் 1878-ல் வந்தார். அடுத்த வருஷமே அவருக்கு இங்கே பிறந்த மகள்தான் கவிக்குயில் சரோஜினி நாயுடு.

இதிலே சாலார் ஜங் ஓர் எல்லைக்கோடும் போட்டு வைத்திருந்தார். வெளியூராருக்கு உத்தியோகம் உண்டு. தர்பார் அரசியலிலே இடம் கிடையாது. பழைய தஃப்தர்தார்களையும் அவர் ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று ஓட்டினார். பாரசீகமே அரசு மொழியாக நீடித்தது. ஆனால் 1883 பிப்ரவரி 8 அன்று, ஐம்பத்து நாலாம் வயதில், காலரா அவரை ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. கடனில் தொடங்கிய கஜானாவை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த எல்லைக்கோட்டைக் காக்க மட்டும் ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு அவர் மகன் திவானானார். பாரசீகத்தின் இடத்துக்கு உருது வந்தது. உயர் பதவிகள் மேலும் மேலும் வெளியூரார் கைக்குப் போயின. உள்ளூரார் தங்களை "முல்கி" என்றும், வந்தவர்களை "கைர்-முல்கி" என்றும் பிரித்துப் பேசலானார்கள். முல்க் என்றால் நாடு. நாட்டான், நாட்டான் அல்லாதவன். தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய பெரும்பான்மைக் குடிகளுக்கோ இந்த இரு தரப்பிலுமே இடம் இல்லை என்பது இன்னொரு சோகம். 1919-ல் முல்கி விதிகள் வந்தன. பதினைந்து வருஷம் இங்கே குடியிருந்தவனுக்கே அரசு உத்தியோகம் என்று ஆயிற்று. 1952-லும் 1969-லும் இதே கோபம் தெருவுக்கு வந்தது. 1972 அக்டோபரில் இந்த விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது. 2014 ஜூன் 2-ல் தெலங்கானா தனி மாநிலமானபோது, அந்த நீண்ட வழக்கின் ஒரு பகுதிதான் தீர்ந்தது என்று சொல்லலாம்.

நான் 1971-ல் மத்திய அரசு வேலையில் செகந்திராபாத்துக்கு வந்தவன். மறு வருஷம் இந்தக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு தெலுங்குப் பெரியவர், "ஏமய்யா, மீரு முல்கியா, நான்-முல்கியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவருடைய மகன் பட்டம் வாங்கி மூன்று வருஷமாக வேலை இல்லாமல் இருந்தான் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அது தெரிந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேலியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நமக்கு என்ன பாடம்?

வெளியூராரை அழைத்தது சாலார் ஜங்கின் பிழையா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வந்தவர்கள் உழைத்தார்கள், ராஜ்ஜியம் நிமிர்ந்தது. ஆனால், வந்தவன் செய்கிற வேலையை உள்ளூர்ப் பிள்ளையும் செய்யும்படி கற்றுக்கொடுப்பது பாதி வழியில் நின்றுவிட்டது. பிரபுக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்த அளவுக்கு, நல்கொண்டாவிலும் வாரங்கலிலும் குடியானவன் பிள்ளைக்கு வரவில்லை. அழைத்தது சரி, கூடவே வளர்த்திருக்க வேண்டியதை வளர்க்காததுதான் குறை.

வந்தவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். சாலார் ஜங் மறைந்த சில மாதங்களில், நிஜாம் அரசின் ரயில்பாதையை ஒரு லண்டன் கம்பெனி கையில் கொடுத்து, சாந்தா வரை நீட்டுவது என்ற பேச்சு எழுந்தது. இந்த ஊர்ப் பணம் எங்கே போகிறது, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களில் முல்லா அப்துல் கய்யூமோடு அகோரநாத்தும் ஒருவர். இங்கு வந்து ஐந்து வருஷம் ஆன வங்காளி! அதற்காக அவரை ஊரை விட்டே அனுப்பினார்கள். பிறகு திரும்பி வந்து இங்கேயே கல்விப் பணி செய்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த ஊரின் கஜானாவைத் தன் வீட்டுப் பணம் போல நினைத்தார் பாருங்கள், அந்த நாளிலிருந்து அவரை வெளியூரான் என்று எப்படிச் சொல்வது?

நம் தமிழர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சோமசுந்தரம் முதலியார் வைத்த பள்ளியில் எல்லா மொழிப் பிள்ளைகளும் படித்தார்கள். 1937-ல் நிஜாம் அரசு அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் இங்கே வழக்கறிஞராக இருந்த திவான் பகதூர் எஸ். அரவமுது அய்யங்கார். இந்த ஊரின் விவகாரத்தைத் தங்கள் விவகாரமாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், மலர் போடுகிறோம். எல்லாம் வேண்டும். அதோடு இன்னும் இரண்டு காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, பிள்ளைகள் தெலுங்கை வாசிக்கவும் எழுதவும் கற்க வேண்டும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவு தெலுங்கு போதாது. இன்னொன்று, நாம் கற்ற தொழிலையும் கணக்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாலார் ஜங் பாதியில் விட்ட வேலை அது. அதைத் தொடர திவான் பதவி தேவையில்லை.